மூச்சும் கண்ணும்: கேற் கம்பெல் அம்மையார் வரலாறு

மாதம் நிரம்பாது பிறந்த மகவுக்கு மூச்சளித்துக் காத்த காற்றே அம்மகவின் கண்ணொளியையும் கவர்ந்தது என்றால் நம்புவார் யார்? 1940களில் உலகின் பேர்பெற்ற வைத்தியசாலைகள் பலவற்றில் நிகழ்ந்தது அதுவே. அது வறிய நாடுகளிற் காணப்படவில்லை. செல்வம் மலிந்த நாடுகளில், புதிய கருவிகளும் தேர்ந்த தாதியரும் நிறைந்த விடுதிகளிலேதான் காணப்பட்டது. குழந்தைகளைக் காக்கும் கலை எவ்விடத்தில் மேலோங்கியதோ அவ்விடத்திலேயே கண்ணிழந்த குழந்தைகளும் பெருகினர். இந்த முடிச்சை அவிழ்த்தவருள் முன்வரிசையில் நிற்பவர் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்துக் குழந்தை வைத்தியர் கேற் கம்பெல் அம்மையார். அவர் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

தமிழ்ப் பண்டிதனொருவனுக்கு வைத்திய சாத்திரத்தில் என்ன அலுவல் என்று அன்பர்கள் வினவக்கூடும். என்னிடம் நன்னூல் கற்ற மாணவர் ஒருவர் பின்னாளில் வைத்தியராகிக் குறைமாதக் குழந்தைகளின் விடுதியிற் பணிபுரிகின்றார். அவர் ஒருமுறை உரையாட்டினிடையே இவ்வம்மையாரின் பெயரைச் சொன்னார். அன்றுதொட்டுக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன். விளங்காதவற்றை அம்மாணவரிடமே பாடங்கேட்டேன். தந்தைக்கு உபதேசித்த குமரனை வணங்குபவர்களாகிய நமக்கு அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

அம்மையார் 1899ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 22ஆந் திகதி மெல்பேண் நகரைச் சார்ந்த ஹோதோர்ன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஸ்கொத்லாந்து தேசத்திலிருந்து வந்து குடியேறிய எழுதுவினைஞர். தாயார் மணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகள் அரசினர் பாடசாலையிற் படித்துப் புலமைப்பரிசில் பெற்று மெதடிஸ்த மகளிர் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கிருந்து மீண்டும் ஒரு புலமைப்பரிசில் அவரை மெல்பேண் பல்கலைக்கழகத்தின் வைத்திய பீடத்துக்குக் கொண்டுசென்றது. 1922இல் வைத்தியப் பட்டமும் 1924இல் வைத்திய கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவரோடு 1922இல் வெளிவந்த அணி எளிய அணியன்று. பின்னர் 1960இல் நோபல் பரிசு பெற்ற மக்பார்லேன் பேர்ணெற்று அவ்வணியினர். இளம்பிள்ளை வாதத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜீன் மக்னமாரா அம்மையாரும் அவ்வணியினர். மூவரும் 1899ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள் என்பது ஒரு வியப்பு.

பட்டம் பெற்றுவிட்டாற் போதுமா? பெண் வைத்தியருக்கு அக்காலத்தில் வைத்தியசாலைக் கதவு எளிதிலே திறப்பதன்று. குழந்தைகள் வைத்தியசாலையில் உறைவிட வைத்தியராகச் சேரக் கம்பெல் அம்மையாரும் மக்னமாரா அம்மையாரும் முயன்றபோது, பெண்களுக்கு வேண்டிய வசதிகள் கட்டடத்தில் இல்லை என்பதே சொல்லப்பட்ட தடை. இருவரும் அதனைக் கடந்து உள்ளே சென்றனர். கட்டடத்தின்மேற் பழியைப் போட்டு மனிதர் ஒதுங்கிக்கொள்வது எல்லா நாடுகளிலும் உண்டு போலும்.

1926இல் விக்ரோறியா இராணி வைத்தியசாலையில் அம்மையார் வைத்தியராக நியமனம் பெற்றார். இவ்வைத்தியசாலையின் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. கொன்ஸ்ரன்ஸ் ஸ்ரோன் என்னும் பெண் வைத்தியரும் அவர் தோழியரும் 1896இல் ஒரு மண்டபத்தில் ஏழைப் பெண்களுக்கென மருந்து கொடுக்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு விக்ரோறியா இராணியின் அறுபதாண்டு ஆட்சிவிழா வந்தது. அதனை வாய்ப்பாகக் கொண்டு, அம்மாகாணத்துப் பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு சிலிங் தருக என்று கேட்டனர். அச்சிலிங்குகள் சேர்ந்தே வைத்தியசாலை எழுந்தது. நம்மூர்ப் பாடசாலைகள் பல பிடியரிசி சேர்த்து எழுந்த கதையை இஃது எனக்கு நினைப்பூட்டுகின்றது. பெண்களுக்காகப் பெண்களே நடத்திய அவ்வைத்தியசாலை 1899இல், அம்மையார் பிறந்த அதே ஆண்டில், தனிக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. அம்மையார் அங்கே 1965 வரை பணியாற்றினார்.

இடையே பத்தாண்டு எசெண்டன் என்னும் பகுதியிற் பொது வைத்தியம் செய்தார். 1925 தொடக்கம் நாற்பது ஆண்டு குழந்தை நலநிலையங்களின் சங்கத்துக்கும் வைத்தியராக இருந்தார். நோயுற்ற பிள்ளையை மட்டுமன்றி நோயற்ற பிள்ளையையும் ஆயிரக்கணக்கிற் பார்த்தமையாலேதான் பிள்ளையின் இயல்பு எது, பிறழ்வு எது என்பது அவருக்குக் கைவந்தது என்பது என் துணிபு. இலக்கணம் கற்றவனுக்கே வழு தெரியும். அந்நிலையங்களை நடத்திய வெரா ஸ்கன்ரில்பெரி பிறவுண் அம்மையாரோடு சேர்ந்து குழந்தை வளர்ப்புப் பற்றி அவர் எழுதிய கைந்நூல் 1947இல் வெளிவந்தது. தாதியருக்கு அது பாடநூலாயிற்று. 1929இல் மெல்பேண் பல்கலைக்கழகம் புதிதாய்ப் பிறந்த சிசுக்களின் வைத்தியத்துக்கென ஒரு விரிவுரையாளரை முதன்முறையாக நியமித்தது. அவ்விடத்துக்கு வந்தவர் இவரே. முப்பத்தாறு ஆண்டு அப்பாடத்தைச் சொன்னார். ஒரே பாடத்தை அத்துணையாண்டு சொல்வது எளிதன்று என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் அறிவர்.

இனிக் காற்றின் கதைக்கு வருவோம். நாம் உட்கொள்ளும் வளியில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன். இப்பெயரின் மூலப்பொருள் புளிப்பை ஆக்குவது என்பது. எல்லா அமிலங்களிலும் அஃது உண்டென்று பிரெஞ்சு அறிஞர் இலவோசியர் பிழையாகக் கருதி இட்ட பெயர். நம்மவர் அதனினும் நன்றாகவே பெயரிட்டனர். பிராணவாயு என்றனர், உயிர்வளி என்றனர். ஆனால் உயிர் என்னுஞ் சொல் முன்னே நின்றால் அதில் மிகை தீது என்று யாருக்குத் தோன்றும்? பிற நாட்டு வைத்தியர்களுக்கும் அவ்வாறே தோன்றவில்லை. குறைமாதக் குழந்தையின் சுவாசப்பை முற்றாதது. அதன் மூச்சு சிறிது ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும். உதடும் விரல் நுனியும் நீலம் பாரிக்கும். ஒட்சிசன் மிகுந்த வளியை விட்டால் அம்மூச்சு சீராகின்றது என்று 1942இல் அமெரிக்காவிற் காட்டினர். நீலம் மாறிச் செம்மை வருவதைக் கண்ணெதிரே கண்டவர் அதனைக் குறைப்பாரா? போருக்குப்பின், வளி எளிதில் ஒழுகாத புதிய அடைகாப்புப் பெட்டிகள் வந்தன. அவற்றினுள்ளே ஒட்சிசனின் அளவை வேண்டிய மட்டும் உயர்த்தி, வாரக்கணக்கில் அவ்வாறே வைத்திருத்தல் இயல்வதாயிற்று. சிறந்த வைத்தியம் என்பது அதுவே என்றாயிற்று.

அதே 1942இல் பொஸ்ரன் நகரத்துக் கண்வைத்தியர் தியடோர் ரெறி ஒரு புதிய நோயை எடுத்துரைத்தார். குறைமாதத்திற் பிறந்து வீடு சென்ற பிள்ளைகள் சில மாதங்கழித்துப் பார்வையற்றவராய்த் திரும்பி வந்தனர். கண்ணின் வில்லைக்குப் பின்னே வெண்ணிறமான ஒரு திரை படர்ந்திருந்தது. கிரேக்கமும் இலத்தீனும் கற்ற கண்வைத்தியர் ஒருவரின் துணைகொண்டு, வில்லைக்குப் பின்னே நாரிழையம் தோன்றுதல் என்னும் பொருள்பட அந்நோய்க்குப் பெயரும் சூட்டினர். பெயர் கிடைத்ததேயன்றிக் காரணம் கிடைக்கவில்லை. உயிர்ச்சத்துக் குறைவு என்றார் சிலர். இரும்புச்சத்து மிகுதி என்றார் சிலர். விளக்கொளி என்றும், பசுப்பால் என்றும், தாயின் நோய் என்றும் ஐம்பதுக்கு மேற்பட்ட காரணங்கள் கூறப்பட்டன. 1950களின் நடுப்பகுதிக்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் இந்நோயாற் கண்ணிழந்தனர்.

மெல்பேணிலும் அந்நோய் தலைகாட்டியது. மிகுந்த ஒட்சிசன் காரணமாகலாம் என்ற ஐயம் கடல்கடந்த நாட்டு வைத்தியர் சிலரிடையே எழுந்திருப்பதை வெளிநாடு சென்று மீண்ட தோழர் வாயிலாகக் கம்பெல் அம்மையார் கேள்வியுற்றார். கேட்டவர் பலர் இருத்தல் கூடும். கேட்டபின் ஏட்டைத் திறந்து எண்ணியவர் இவர். ஆய்வுக்கூடமும் இல்லை, பெரும்பணமும் இல்லை. தம் நகரிலேயே குறைமாதக் குழந்தைகளைப் பேணிய மூன்று நிலையங்களின் பதிவுகளை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றில் ஒட்சிசன் தாராளமாக வழங்கப்பட்டது. மற்றை இரண்டிலும் சிக்கனமாகவே வழங்கப்பட்டது. அச்சிக்கனத்துக்குக் காரணம் வைத்தியக் கொள்கையன்று, ஒட்சிசனுக்குரிய செலவு அங்கே பெற்றோரின் தலையில் விழுந்தது என்பதே. தாராளமாக வழங்கிய நிலையத்தில் 123 குழந்தைகளுள் 23 பேரை அந்நோய் பற்றியிருந்தது. சிக்கனமாக வழங்கிய இரண்டிலும் சேர்த்து 58 குழந்தைகளுள் 4 பேரை மட்டுமே பற்றியிருந்தது. நூற்றுக்கு 19 எங்கே, 7 எங்கே!

இக்கணக்கை யான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. ஒட்சிசனுக்குப் பணங் கட்டவேண்டுமே என்று கையைச் சுருக்கிய பெற்றோர் தம் பிள்ளைக்கு ஒரு குறை செய்துவிட்டதாகவே எண்ணி வருந்தியிருப்பர். கேளாமலே ஒட்சிசன் கிடைக்கப்பெற்ற தாய் தன் பிள்ளை பேறு பெற்றதென்று மகிழ்ந்திருப்பாள். எவர் பிள்ளை கண்ணோடு வீடு சென்றது என்பதை அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்டு ஒப்பிட்டிருக்க வழியில்லை. மூன்று நிலையங்களையும் ஒருங்கே வைத்து நோக்கியவருக்கே அது புலப்பட்டது. அவ்வாறு நோக்குதற்கு அறிவு மட்டும் போதாது. தாமும் தம் துறையினரும் நன்மையென்று நம்பிச் செய்துவந்த ஒன்றையே ஐயுறும் துணிவு வேண்டும்.

1951ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவுஸ்திரேலிய வைத்திய சஞ்சிகையில் அவர் கட்டுரை வெளிவந்தது. மூன்றே பக்கம். தலைப்பிலே, மிகுதியான ஒட்சிசன் சிகிச்சை இந்நோய்க்குக் காரணமாதல் கூடும் என்ற பொருளில் ஒரு சொல்லைப் பெய்திருந்தார். அந்தக் கூடும் என்ற சொல்லை யான் பெரிதாக மதிக்கின்றேன். ஐயத்துக்கும் துணிவுக்கும் இலக்கணத்தில் வேறு வேறு வாய்பாடு உண்டு. எண்ணிக்கை சிறிது, நிலையங்கள் வேறு, கவனிப்போர் வேறு. ஆதலால் அவர் கையிலிருந்த சான்றுக்குக் கூடும் என்பதே தகும், ஆகும் என்பது தகாது. அளவறிந்து சொல்லிட்டார். பின்வந்தோர் சிலர் அச்சொல்லை விட்டுவிட்டு மற்றையவற்றை எடுத்துக்கொண்டனர் என்பதை மேலே காண்போம்.

அவர் ஐயம் வீண்போகவில்லை. இங்கிலாந்தின் பேர்மிங்கம் நகரில் மேரி குறொஸ் அம்மையாரும் அதே காலத்தில் அதே திசையை நோக்கிக் கொண்டிருந்தார். 1948இல் அந்நாட்டிலே தேசிய சுகாதார சேவை தொடங்கி, ஒட்சிசனும் கருவிகளும் தாராளமாகக் கிடைத்தபின்பே நோய் பெருகியது என்பதை அவர் காட்டினார். வாசிங்ரனில் ஆணல் பற்ஸ் என்னும் கண்வைத்தியர் குழந்தைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு மிகுதியாகவும் மற்றையதற்குத் தேவைக்கு மட்டும் குறைவாகவும் ஒட்சிசன் கொடுத்துப் பார்த்தார். 1952இல் வெளியிட்ட முடிவும் கம்பெல் அம்மையாரின் பக்கமே நின்றது. அப்பரிசோதனையின்போது ஓர் இடையூறு நேர்ந்தது. இராக்காலத் தாதியர் சிலர், ஒட்சிசன் குறைக்கப்பட்ட குழந்தைகள்மேல் இரங்கி, எவருமறியாமல் திருகைத் திருப்பி விட்டுவந்தனராம். அவர்களைக் குறைசொல்ல என்னால் இயலவில்லை. இரக்கம் கையைப் பிடித்து இழுக்கும்போது கணக்கு யாருக்கு நினைவு வரும்?

கண் கெடும் வகையைத் தெளிவாக்கியவர் இலண்டனைச் சேர்ந்த நோர்மன் அஷ்ரன். பூனைக்குட்டி பிறக்கும்போது அதன் விழித்திரை குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப்போல முற்றாதிருக்கும். அதனால் அவர் பூனைக்குட்டிகளிற் சோதித்தார். விழித்திரையின் குருதிக்கலன்கள் கருவறையில் நான்காம் மாதமளவில் நடுவிலிருந்து முளைத்து, பேறுகாலம் நெருங்கும்போதே ஓரத்தை எட்டும். கருவறை ஒட்சிசன் குறைந்த இடம்; கலன்கள் வளர்வதற்கு அக்குறைவே தூண்டுகோல். முன்கூட்டிப் பிறந்த பிள்ளை வெளிவளிக்கு வந்து, அதன்மேல் மிகுந்த ஒட்சிசனும் பெறுமாயின், தூண்டுகோல் அற்றுப்போய் அவ்விளங் கலன்கள் சுருங்கி வளர்ச்சி நின்றுவிடும். சில வாரங் கழித்து, குருதி எட்டாத ஓரப்பகுதி பசித்துக் கூவ, கலன்கள் நெறியின்றித் தாறுமாறாய்ப் படர்ந்து, கசிந்து, வடுவாகி, விழித்திரையைப் பற்றி இழுத்துப் பிரித்துவிடும். வில்லைக்குப் பின்னே ரெறி கண்ட வெண்டிரை இதுவே. கொடியைப் பந்தரிலிருந்து இடையிலே வெட்டிவிட, அது பின்பு கண்டவிடமெல்லாம் துளிர்த்துப் பந்தரையே சரித்ததென்று கொள்க.

1953இலும் 1954இலும் அமெரிக்காவின் 18 வைத்தியசாலைகள் சேர்ந்து ஒரு பெரும் பரிசோதனை நடத்தின. ஒட்சிசன் மிகுதியே நோயை வளர்க்கின்றது என்று அது முடிவுகட்டியது. உடனே எங்கும் ஒட்சிசன் குறைக்கப்பட்டது; நூற்றுக்கு 40 பங்குக்கு மேற்படலாகாது என்பது ஏறக்குறைய ஒரு சட்டமாயிற்று. குருட்டுநோய் வேகமாக அருகியது. அம்மையாருக்கும் புகழ் வந்தது. 1954இல் அரசினர் விருது ஒன்று அவருக்கு வழங்கப்பட்டது.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! முடியவில்லை. அமெரிக்கப் பரிசோதனையிற் பிறந்து 48 மணித்தியாலம் கடந்து உயிரோடிருந்த குழந்தைகளே சேர்க்கப்பட்டனர். குறைமாதப் பிள்ளைகளுட் பலர் இறப்பதோ அந்த முதல் இரண்டு நாட்களில். அந்த நாட்களில் ஒட்சிசனைக் குறைத்தால் என்ன நிகழும் என்பதை அப்பரிசோதனை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அதன் முடிவைப் பிறந்த கணத்திலிருந்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றினர். சுவாசப்பை விரியாத பிள்ளைக்கு 40 போதாது. அவை நீலம் பாரித்து இறந்தன. பிழைத்தவருட் சிலர் மூளை தாக்குண்டு முடமாயினர். 1973இல் கென்னத் குறொஸ் என்னும் ஆங்கில அறிஞர் தம் நாட்டு மரணப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டு, காக்கப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறக்குறைய 16 உயிர்கள் விலையாகியிருத்தல் வேண்டும் என்று மதிப்பிட்டார். மதிப்பீடுதான், ஆனாலும் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அம்மையாரின் கண்டுபிடிப்பே இம்மரணங்களுக்கு வித்து என்று பேசுவோரும் உளர். அக்கூற்றை யான் ஏற்கேன். ஒட்சிசனை ஒழிக்குமாறு அவர் எழுதவில்லை. அதன் மிகுதியையே ஐயுற்றார். மிகுதி தீது என்பதிலிருந்து குறைவு நன்று என்பது பெறப்படாது. தருக்க நூலின் முதற்பாடம் பயின்ற மாணவனும் இதனை அறிவான். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே கூடினாலும் குறைந்தாலும் நோய் என்று இரண்டையும் ஒருங்கே வைத்தார். கூடுவதும் குறைவதும் எவை என்று அக்குறளில் வெளிப்படச் சொல்லவில்லை. உணவும் செயலும் என்று பரிமேலழகர் வருவித்து உரைத்தார். உண்ணும் உணவுக்குச் சொன்னது உயிர்க்கும் காற்றுக்கும் பொருந்தும் என்பதை இருபதாம் நூற்றாண்டினர் பிள்ளைகளின் கண்ணையும் உயிரையும் கொடுத்துக் கற்றனர்.

உண்மையில் அக்காலத்தவருக்கு அளக்கும் வழியில்லை. பெட்டியினுள் இருக்கும் வளியை அளந்தார்களேயன்றிப் பிள்ளையின் குருதியை அளக்கவில்லை. ஒரே வளி ஒரு பிள்ளைக்கு மிகையாகும், சுவாசப்பை நோயுற்ற மற்றொரு பிள்ளைக்குக் குறையாகும். 1960களில் நாடியிலிருந்து சிறுதுளி குருதி எடுத்து அளக்கத் தொடங்கினர். 1974இல் யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி, குருதி எடுக்காமலே, தோலினூடே ஒளியைச் செலுத்திக் குருதியின் நிறத்தால் அதன் ஒட்சிசன் நிறைவை அறியும் முறையைக் கண்டார். அதன் வழிவந்த கருவி 1980களில் வைத்தியசாலைகளுக்குப் பரவியது. இன்று பிள்ளையின் சிறு பாதத்தில் ஒரு நாடாவைச் சுற்றிவிட்டால் திரையில் எண் ஓடுகின்றது.

எண் கிடைத்தது, எந்த எண் நல்லது? அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, நியூசீலாந்து முதலிய நாடுகளில், அம்மையாரின் அவுஸ்திரேலியாவிலும், 28 வாரம் நிரம்பாது பிறந்த 4,965 குழந்தைகளைக் கொண்டு ஐந்து பரிசோதனைகள் நடந்தன. ஒரு பகுதியினருக்குக் குருதியின் ஒட்சிசன் நிறைவு 85 முதல் 89 வரை இருக்குமாறும், மற்றைப் பகுதியினருக்கு 91 முதல் 95 வரை இருக்குமாறும் பேணினர். எந்தப் பிள்ளை எப்பகுதி என்பது விடுதியிலுள்ளோருக்குத் தெரியாதிருக்கக் கருவிகளே சற்று மாற்றிய எண்ணைக் காட்டும்படி அமைக்கப்பட்டன. இராக்காலத் தாதியரின் இரக்கம் இம்முறை வழியிற் குறுக்கிடவில்லை. எல்லாவற்றையும் ஒருங்கு சேர்த்த கணக்கு 2018இல் வெளிவந்தது. தாழ்ந்த அளவிற் பேணப்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். உயர்ந்த அளவினருள் 17 பேர். கண்ணுக்குச் சிகிச்சை வேண்டியோர் தாழ்ந்த பகுதியில் நூற்றுக்கு 11, உயர்ந்த பகுதியில் 15. மூச்சும் கண்ணும் தராசின் இரு தட்டாகவே இன்னும் நிற்கின்றன. விழித்திரைக்கு இப்போது ஒளிக்கதிர்ச் சிகிச்சையும் ஊசிமருந்தும் உண்டு, உயிருக்கு மாற்று இல்லை என்று எண்ணி, வைத்தியர் பெரும்பாலும் உயர்ந்த அளவின் பக்கம் சாய்ந்தனர். கண்ணைத் தவறாது சோதிக்கும் ஒழுங்குள்ள இடத்துக்கே அச்சாய்வு பொருந்தும் என்பதை என் மாணவர் அழுத்திச் சொல்வார்.

அளவை அறிந்தாலும் அதில் நிறுத்துவது எளிதன்று என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளை மூச்சை மறந்துவிடும்; எண் விழும்; மணி ஒலிக்கும்; தாதி ஓடிவந்து ஒட்சிசனைக் கூட்டுவாள். மூச்சு மீளும், எண் மேலேறும், அதற்குள் அடுத்த பெட்டியின் மணி அவளை அழைத்திருக்கும். கூட்டியதைக் குறைக்க மீண்டும் வருவதற்குள் எண் 95ஐக் கடந்து நெடுநேரமாகியிருக்கும். கூட்டும் கையை அச்சம் விரைவிக்கின்றது. குறைக்கும் கையை விரைவிக்க ஒன்றுமில்லை. ஆதலால் மேலெல்லைக்கும் மணி கட்டுகின்றனர். ஒரு தாதியிடம் விடப்படும் பிள்ளைகளின் தொகையைக் குறைக்கின்றனர். எண்ணைப் பார்த்துத் தானே ஒட்சிசனைக் கூட்டியும் குறைத்தும் நிறுத்தும் பொறிகளையும் சில இடங்களிற் பயன்படுத்துகின்றனர்.

கம்பெல் அம்மையார் 1964இல் சேர் நோர்மன் கிரெக் என்பவரோடு பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தார் அவுஸ்திரேலியாவில் வழங்கிய வைத்தியப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிரெக் சிட்னி நகரத்துக் கண்வைத்தியர். கருவுற்ற தாய்க்கு வரும் ஒருவகை அம்மைநோய் பிள்ளையின் கண்ணைக் கெடுக்கும் என்பதை 1941இல் கண்டவர் அவர். அவரும் ஆய்வுக்கூடத்தாற் கண்டவரல்லர். வந்த தாய்மாரிடம் கேட்டும் எண்ணியுமே கண்டவர். பிள்ளைகளின் குருட்டுக்கு இரண்டு காரணங்களைக் கண்ட இருவரை ஒரே மேடையில் நிறுத்திய அப்பரிசு பொருத்தமான பரிசு. 1965இல் அம்மையார் விரிவுரையிலிருந்தும் வைத்தியசாலையிலிருந்தும் ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டு மெல்பேண் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. 1971இல் டேம் என்னும் உயர்பட்டம் வந்தது. அவர் மணஞ் செய்துகொள்ளவில்லை. 1986ஆம் ஆண்டு யூலை 12ஆந் திகதி, தம் எண்பத்தேழாம் வயதில், பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள கம்பர்வெல்லிற் காலமானார்.